வராத நோய்க்குச் சான்றிதழ்

ஆராய்ச்சி நிலையத்தில் தினமும் காலை பதினொரு மணிக்கு முட்டை அவித்தார்கள். சாப்பிடுவதற்கு அல்ல. அழிப்பதற்கு.

அனுமதி பெறாத முட்டை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. கோழிகளுக்கு விதி தெரியாது. இருபத்து நாலும் இட்டுக்கொண்டே இருந்தன. ஆகவே அனுமதிக் குழுவின் செயலாளர் முன்னிலையில் முட்டைகளை இருபது நிமிடம் கொதிக்க வைத்து, ஒன்றை உடைத்துக் காட்ட வேண்டும். மஞ்சள் கரு கெட்டியாகிவிட்டது என்று அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு குழியில் கொட்டி மண் தள்ளலாம். மூன்று வருடங்களில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வந்து, கரு கெட்டிதானா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

அவிப்பவளின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. நிலையத்தில் ஆட்களைப் பிரிவின் பெயரால் கூப்பிடுவது வழக்கம். அவள் கோழிப்பிரிவு. விலங்கியலில் பட்டம் வாங்கியவள் என்பதால் கோழிகளுக்குத் தீனி போடும் வேலை கிடைத்திருந்தது.

அந்த முட்டைகளில் ஒரு விசேஷம் உண்டு. குழந்தைகளின் வயிற்றைக் கெடுக்கும் வைரஸைச் சாகடித்துக் கோழிக்கு ஊசியாகப் போட்டால், கோழி அதற்கு எதிர்ப்பொருளைத் தன் ரத்தத்தில் உண்டாக்கிக்கொள்ளும். பிறக்கப்போகும் குஞ்சுக்கும் வேண்டுமே என்று மஞ்சள் கருவிலும் கொஞ்சம் வைத்து அனுப்பும். அதைப் பிரித்துப் பொடியாக்கிப் பாலில் கலந்து கொடுத்தால், குடலில் வைரஸ் ஒட்டுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். கொடுக்கும்வரை காப்பு. நிறுத்தினால் இல்லை. நோய் வந்த பிறகு கொடுத்துப் பெரிய பயனும் இல்லை.

இதைச் செய்துகாட்டியவர் முட்டை சார். அவருக்கும் பெயர் இருந்தது. அவர் செய்த பொடி, இரண்டு பூட்டுப் போட்ட குளிர்பெட்டியில் இருந்தது. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று செயலாளரிடம்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அதே நிறுவனத்தின் குழந்தைகள் ஆஸ்பத்திரி. பத்துக் கட்டில் வார்டில் ஒன்பதாவது கட்டில் அவளுடைய அக்கா மகனுக்கு. எட்டு மாதம். இதயத்தில் ஓட்டை. வீட்டில் பூசணி என்று கூப்பிட்டார்கள். உடம்பு ஏறவில்லை, பெயரைக் கேட்டாவது ஏறும் என்று ஒரு நப்பாசை. அந்த வைரஸுக்கான சொட்டு மருந்து போட வேண்டிய வயதில் அவன் மூச்சுத் திணறிக் கிடந்தான். மூச்சு சரியானபோது சொட்டு மருந்தின் வயது தாண்டியிருந்தது.

ஆபரேஷனுக்குப் பதினாறு நாள் இருந்தது. “அதுவரைக்கும் பேதி, காய்ச்சல் எதுவும் வரக் கூடாது. வந்தா கை வைக்க முடியாது. கை வைக்கலன்னா...” என்று டாக்டர் சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தைப் பார்த்தார்.

அன்று மாலை இரண்டாம் கட்டில் குழந்தைக்குப் பேதி கண்டது. மறுநாள் மூன்றாம் கட்டில்.

“வரிசையா வருதுடி,” என்றாள் அக்கா. கை கழுவிக் கழுவி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. “உன் முட்டைல என்னமோ இருக்குன்னு சொல்லுவியே. எடுத்துட்டு வா.”

“பச்சையா கொடுத்தா வேற கிருமி போயிடும் அக்கா. அவிச்சா உள்ள இருக்கறது செத்துடும். பொடியாத்தான் கொடுக்கணும்.”

“அப்ப பொடிய எடுத்துட்டு வா.”

“அனுமதி வேணும்.”

“வாங்கு.”

அக்காவுக்கு உலகம் எப்போதும் ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

அனுமதி தரும் குழுவின் பெயர் முன்தடுப்பு அனுமதிக் குழு. விண்ணப்பம் பதினாறு பக்கம். அவள் ஒரே இரவில் நிரப்பி எடுத்துக்கொண்டு போனாள். செயலாளர் எச்சில் தொட்டு எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். பதினொன்றாம் பக்கத்தில் நின்றார்.

“நோய்ச் சான்றிதழ் எங்கம்மா?”

“நோய் இன்னும் வரல சார்.”

“வராத நோய்க்கு மருந்தா?”

“வராம இருக்கத்தான் சார்.”

“அது எனக்குப் புரியாதா? குழுவோட பேர்லயே முன்தடுப்பு இருக்கு. ஆனா நோய் இல்லாத புள்ளைக்கு எதையாவது கொடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? முதல்ல நோய் வரட்டும். சான்றிதழோட வாங்க. அன்னைக்கே எடுத்துக்கறேன்.”

“வந்த பிறகு கொடுத்தா வேலை செய்யாதே சார்.”

“அப்ப பயனில்லாத மருந்துன்னு நிராகரிச்சிடுவோம். இதுல என்ன குழப்பம்?”

அவள் முட்டை சாரிடம் போனாள். அவர் சாவியை மேஜை மேல் எடுத்து வைத்துப் பார்த்தார். மறுபடி பையில் போட்டுக்கொண்டார். “ஒத்தச் சாவிய வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? பதினாலு மாசத்துல ரிட்டயராகிறேன்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஒரு வழி சொன்னார். “உணவுப் பிரிவுல போய்க் கேளு. இது உணவுன்னு எழுதிக் கொடுத்துட்டா சான்றிதழே வேண்டாம்.”

உணவுப் பிரிவில் ஒருவர் கேட்டார்: “சாப்பிட்டா பசி அடங்குமா?”

“அடங்காது. நோய் வராம தடுக்கும்.”

“நல்லது பண்ணுதுங்கறீங்க. அப்ப உணவு இல்ல. மருந்துப் பிரிவு, மாடி.”

மாடியில் இருந்தவர் கேட்டார்: “எதுலேருந்து எடுக்கறீங்க?”

“முட்டைலேருந்து.”

“காலைல நான் ரெண்டு முட்டை சாப்பிட்டேன். எனக்கு என்ன வியாதிம்மா? கால்நடைப் பிரிவு, கீழ.”

கீழே இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. “கோழிக்கு உடம்பு சரியில்லையா?”

“நல்லா இருக்கு.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

அவள் இப்படி ஏறி இறங்கிய நாட்களில் வைரஸ் யாரிடமும் அனுமதி கேட்காமல் நாலாம் கட்டிலுக்கும் ஐந்தாம் கட்டிலுக்கும் போய்ச் சேர்ந்தது.

எட்டாம் நாள் குழு கோழிப்பண்ணையைப் பார்வையிட வந்தது. ஏழு பேர், ஏழு பேருக்கும் காலுக்கு உறை. குழுத்தலைவர் கூண்டுகளின் முன் நின்று ஒரு கோழியை உற்றுப் பார்த்தார். கோழி ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது.

“இதுக்குப் பேதி வருமா?”

“வராது சார். இது மனுஷக் குழந்தைங்களுக்கு வர்ற வைரஸ்.”

“தனக்கு வராத நோய்க்கு இது எதுக்கு ஊசி போட்டுக்கணும்? அதுகிட்ட யாராவது கேட்டீங்களா?”

உறுப்பினர் ஒருவர் அவசரமாகக் குறித்துக்கொண்டார்.

பிறகு தலைவர் பேசினார். எங்கே நாலு பேர் நின்றாலும் அவருக்குப் பேச்சு வந்துவிடும். “முப்பது வருஷமா இந்தக் குழு இயங்குது. நாங்க அனுமதிச்ச எந்தப் பொருளாலயும் ஒரு குழந்தைக்குக்கூடத் தீங்கு வந்ததில்ல. ஏன்னு யோசிச்சீங்களா? நாங்க எதையும் அனுமதிச்சதில்ல. பாதுகாப்புங்கறது அதுதான். அனுமதி கொடுக்கறது சுலபம், ஒரு நிமிஷ வேலை. கொடுக்காம முப்பது வருஷம் உக்காந்திருக்கறதுக்கு நெஞ்சுறுதி வேணும்.”

கைதட்டலுக்கு மிரண்டு கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டன. மறுநாள் முட்டை பாதியாகக் குறைந்தது. கோழி பயந்தால் இடாது.

அன்று மாலை நாலாம் கட்டில் காலியானது. அந்தத் தாய் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். குழந்தையின் சின்னச் சாக்ஸ் ஒன்று கட்டிலடியில் கிடந்தது. அதைக் குனிந்து எடுத்து, ஜோடியைத் தேடினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. அவளைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் தத்தம் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவும்.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். “விண்ணப்பத்துல ‘வார்டிலுள்ள பத்துக் குழந்தைகள்’னு எழுதியிருக்கீங்க. இப்ப ஒன்பதுதான். தப்பான தகவலைக் குழு முன்னால வைக்க முடியாது. திருத்தி எழுதி வாங்க.”

அவள் திருத்தி எழுதினாள். ஒன்பது என்ற எண்ணை எழுத நேரம் பிடித்தது.

அதைக் கொடுக்கப் போனபோது செயலாளரும் முட்டை சாரும் குளிர்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். முதல் தடவை செய்த பொடியில் மீதி ஏழு பொட்டலம். விதிப்படி தொண்ணூறு நாளில் காலாவதி, அன்று தொண்ணூற்றொன்று. பதினொரு மணி முட்டையோடு சேர்த்து அதையும் கொதிநீரில் கரைத்து அழிக்க வேண்டும்.

“இன்னும் ஒரு வருஷம் தாங்கும்,” என்றார் முட்டை சார், யாரையும் பார்க்காமல். பொட்டலங்களை அவள் கையில் எண்ணி வைத்தார். ஏழு. ஆபரேஷனுக்கு இருந்ததும் ஏழு நாள்.

குளிர்பெட்டி அறையிலிருந்து அடுப்புக்குப் போகிற வழியில் கோழிப்பண்ணை. அங்கே அவளுடைய பையில் அக்காவுக்கு வாங்கி வைத்திருந்த பால்மாவு டப்பா இருந்தது. அவள் அதுவரை வாழ்க்கையில் பேருந்தில்கூட டிக்கெட் இல்லாமல் ஏறியதில்லை. அவசரத்தில் பாதி மாவு தீவனத் தொட்டியில் சிந்தியது.

பதினொரு மணிக்கு அவள் கரைத்ததைச் செயலாளர் குனிந்து முகர்ந்தார். “ஆராய்ச்சின்னாலும் வாசனை நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் கலந்து கொடுத்தாள். கலக்கும்போது மற்றக் கட்டில்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். பத்தாம் கட்டிலின் அம்மா தன் ஃபிளாஸ்கிலிருந்து அவளுக்குத் தினமும் வெந்நீர் கொடுப்பவள். அந்த வெந்நீரில்தான் கலந்தாள். அதற்குள் ஆறையும் ஏழையும் பிடித்துவிட்ட பேதி மூன்றாம் நாள் எட்டாம் கட்டிலுக்கு வந்தது. நாலாம் நாள் ஒன்பதைத் தாண்டிப் பத்துக்குப் போனது.

“என்கிட்ட ஏழுதான் இருந்துச்சு அக்கா,” என்றாள் தங்கை. அக்கா எதுவும் கேட்டிருக்கவில்லை.

இந்தத் தாண்டல் குழுவின் கண்ணில் பட்டது. அக்காவையும் தங்கையையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள், டப்பாவில் இரண்டு பொட்டலம்.

தலைவர் எழுந்தார். “எட்டுக்கு வந்துச்சு. பத்துக்கு வந்துச்சு. நடுவுல ஒன்பதுக்கு வரல. பொடி கொடுக்காமலே வரல. அப்படின்னா பொடி எதுக்கு?”

உறுப்பினர்கள் வியந்து குறித்துக்கொண்டார்கள். முட்டை சார் மேஜை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. திட்டம் கைவிடப்படுகிறது. கோழிகள் இன்றே அழிக்கப்படும். கோழிப்பிரிவு கலைக்கப்படுகிறது. ஒன்பதாம் கட்டில் குழந்தை இயற்கைத் தடுப்பாற்றல் கொண்டது என்பதால் முப்பது நாள் கண்காணிப்பில், அதே வார்டில், அதே கட்டிலில் வைக்கப்படும். அதுவரை ஆபரேஷன் கிடையாது.

“சார், ஆபரேஷன்...” என்று அக்கா எழுந்தாள்.

“பண்ணினா குழந்தையோட இயற்கை நிலை கெட்டுப்போயிடும்மா.”

“பண்ணலன்னா குழந்தையே கெட்டுப்போயிடும் சார்!”

“உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க பையன் இப்ப இந்த நிறுவனத்தோட சாதனை.”

அப்போதுதான் தங்கை பேசினாள். கூட்டத்தில் அவள் குரல் எழுந்தது அதுவே முதல் தடவை. அது எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேர் கதவைப் பார்த்தார்கள்.

“நான் பொடி கொடுத்தேன் சார். அஞ்சு நாளா. அதனாலதான் வரல.”

செயலாளர் வெளுத்துப்போனார். “என் கண் முன்னால அழிச்சது! ஏழு பொட்டலம்! கையெழுத்து இருக்கு!”

“அது பால்மாவு சார்.”

தலைவர் கையை உயர்த்தினார். அவர் கோபப்படவில்லை. கணக்குப் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். “நீங்க சொல்றது நிஜம்னா செயலாளரோட கையெழுத்து பொய். ஒரு கையெழுத்து பொய்னா மூணு வருஷப் பதிவேடு பொய். பதிவேடு பொய்னா இப்படி ஒரு நிறுவனமே கிடையாது. ஆனா நிறுவனம் இருக்கு. பாருங்க, நாற்காலி இருக்கு, டீ வந்திருக்கு. அதனால நீங்க கொடுக்கல.”

“மீதி ரெண்டு பொட்டலம் இருக்கு சார். கொண்டுவந்து காட்டறேன்.”

“காட்டாதம்மா!” என்று செயலாளர் அலறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “காட்டினா நான் பார்க்க வேண்டியிருக்கும்,” என்றார்.

குறிப்பேட்டில் எழுதினார்கள்: தாயும் உறவினரும் முழு ஒத்துழைப்பு அளித்தனர்.

மத்தியானம் வண்டி வந்தது. கோழிகளைக் கூண்டோடு ஏற்றினார்கள். செயலாளர் எண்ணினார். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினார். இருபத்து மூன்று. கோழிப்பிரிவாக இருந்தவள் தீவன மூட்டையைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றாள். மூட்டை லேசாக மூச்சு விட்டது.

ஒன்று குறைந்தால் குறைவுப் படிவம் ஐந்து பிரதி எழுதி, குழு மறுபடி கூடும்வரை வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும். செயலாளர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டையை மட்டும் பார்க்கவில்லை. இருபத்து நான்கு என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்படியாக ஒரு கோழி ஒன்பதாம் கட்டிலின் அடியில் டயப்பர் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

“என்ன பெட்டி அது?” என்றார் வார்டு சிஸ்டர்.

“டயப்பர் சிஸ்டர்,” என்றாள் அக்கா.

பெட்டி ‘கொக்’ என்றது.

நாலாம் கட்டிலின் விரிப்பைத் தன் கையால் உருவியவர் அந்த சிஸ்டர். அவர் பெட்டியைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார். “டயப்பர்னா சரி,” என்று மறைப்புத் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் முட்டை சார் வந்தார். வடிதாள் கொஞ்சமும் ஒரு வெப்பமானியும் சட்டைப் பையில் இருந்தன. “நான் இங்க வரல,” என்றார்.

“தெரியும் சார்.”

“மஞ்சள் கருவ மட்டும் எடுத்துப் பத்து மடங்கு தண்ணில கலக்கு. ஐஸ்ல வெச்சுத் தெளிய விடு. மேல நிக்கற தெளிவ இதுல வடிகட்டு. அப்புறம் அரை மணி நேரம் சூடு காட்டணும். அறுபது டிகிரி. கண்ண எடுக்காதம்மா. எழுபதுக்குப் போச்சுன்னா செயலாளர் ஜெயிச்சிடுவார்.” வடிதாளையும் வெப்பமானியையும் அவள் கையில் வைத்தார். “பொடி அளவுக்குச் சுத்தமா இருக்காது. லேப்ல இதைச் செஞ்சா என்னையே நான் வேலைய விட்டுத் தூக்குவேன்.”

“வேற என்ன சார் இருக்கு?”

“ஒண்ணும் இல்ல,” என்றார் அவர். அதற்கு மேல் நிற்க முடியாமல் போய்விட்டார்.

கோழி முட்டையிடவில்லை. இடம் மாறினால் கோழி இடாது என்று தங்கைக்குத் தெரியும். நாலு நாளும் ஆகலாம், நாற்பது நாளும் ஆகலாம். முதல் நாள் ஒரு பொட்டலம் போனது. இரண்டாம் நாள் கடைசிப் பொட்டலத்தைக் கிழித்து, தாளையும் பாலில் அலசினாள் அக்கா. ஆபரேஷன் நாள் அதுதான். அந்த நாளும் மற்ற நாட்களைப் போலவே சாயங்காலமாகிப் போனது.

“போடுடி ராசாத்தி,” என்று அக்கா கட்டிலடியில் குனிந்து கோழியிடம் சொன்னாள். “உனக்கு என்ன வேணும்? வெளிச்சமா? இருட்டா? சொல்லித் தொலையேன்.”

மூன்றாம் நாள் காலையில் டப்பா காலி. அன்று தலைவர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார், சாதனையைக் காட்ட. பின்னால் செயலாளர். கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள். பூசணி அழுதான். அழ அழ அவன் உதடு நீலமானது.

“குரலைக் கேளுங்க,” என்றார் தலைவர். “மருந்து இல்ல, பொடி இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வார்டுல நோயே தொடாத ஒரே குழந்தை. இது எதைக் காட்டுது? நாம எதுவும் செய்யாம இருந்தாலே...”

கட்டிலடியிலிருந்து கோழி கொக்கரித்தது.

முட்டையிட்ட கோழி அதை ஊருக்குச் சொல்லாமல் விடாது. கொக்-கொக்-கொக்-கொக்கேக் என்று வார்டின் மூலைவரை கேட்டது. விருந்தினர் ஒருவர், “என்ன சத்தம் அது?” என்றார்.

செயலாளர் குனிந்தார். பெட்டிக்குள் பார்த்தார். கோழி கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. அவர் மெல்ல நிமிர்ந்தார்.

“ஒண்ணுமில்ல சார்.”

“கோழி மாதிரி கேக்குதே?”

“கோழி இல்ல சார். இருபத்து நாலும் அழிச்சாச்சு. பதிவு இருக்கு.”

கோழி மறுபடி கொக்கரித்தது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் விருந்தினர் பக்கம் திரும்பினார்.

“எங்க பதிவேடு அவ்வளவு துல்லியம்,” என்றார். கோழியின் குரலுக்கு மேல் தன் குரலை உயர்த்தி மீதிப் பேச்சை முடித்தார். கைதட்டினார்கள். போனார்கள்.

அக்கா முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டாள். சூடான ஒரு முட்டை. தங்கை திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கருவைப் பிரித்தாள், கலக்கினாள், தெளியவிட்டாள், சொட்டுச் சொட்டாக வடித்தாள். சிஸ்டரின் மின்கெண்டியில் வெந்நீர் வைத்து, வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அரை மணி நேரம். கடைசியில் ஒரு டம்ளரில் முக்கால் அளவு இருந்தது.

திரை விலகியது. பத்தாம் கட்டிலுக்கு அன்றுதான் வந்த புதுக் குழந்தையின் அம்மா. இடுப்பில் பிள்ளை.

“என் பொண்ணுக்கு இன்னும் வரலங்க,” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் நாலாம் கட்டிலின் புதுத் தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏழாம் கட்டிலில் நேற்று வந்தவள்.

அக்கா டம்ளரைச் சேலைத் தலைப்பால் மூடினாள். பூசணியைப் பார்த்தாள். ஒருவனுக்கே போதுமா என்று யாருக்கும் தெரியாது. அதை அளக்கும் கருவி இருந்த அறைக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

தலைப்பை எடுக்க அக்காவுக்கு வெகுநேரம் ஆனது. பிறகு ஸ்பூனை எடுத்து நாலு கிண்ணத்தில் பிரித்து ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள், அதற்காகக் கை ஆடவிடவில்லை.

“இது தினமும் போடுமா?” என்றாள் பத்தாம் கட்டில்.

“பயப்படாம இருந்தா போடும்,” என்றாள் தங்கை.

ஐந்தாம் கட்டில் குழந்தை வீரிட்டது. அதன் அம்மா அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி விட்டு, வெறுங்காலோடு வராந்தாவுக்கு ஓடினாள். ஒருத்தி சன்னலைச் சாத்தினாள். இன்னொருத்தி விசிறியை நிறுத்தினாள். பேதியில் துவண்ட பிள்ளைகளின் தாய்மார்கள்கூட வாயில் விரல் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்கள். கோழிக்கு அது பிடித்திருந்ததா என்று சொல்வதற்கில்லை.

கண்காணிப்பு முடிய இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது.